நல்ல தோல்

நான் தையல்காரன். ஒட்டுப் போடுவதற்காக யாராவது நல்ல துணியை வெட்டினால் எனக்கு வயிறு எரியும். அந்தப் புத்தியை ஆஸ்பத்திரிக்கும் கொண்டுபோனதுதான் வினை.

நாலு வயது மகளுக்குத் தொடை, வயிறு, வாயோரம் என்று கொப்புளங்கள். பழையதைச் சுற்றிப் புதியவை வளையமாக வந்தன. பரிசோதனைக்குக் கொப்புளத்தை ஒட்டிய நல்ல தோலில் துளியூண்டு வேண்டும் என்றார் டாக்டரம்மா.

"நல்ல இடத்துல கத்தி வைக்க விடமாட்டேன். புண்ணுலயே எடுங்க" என்று குதித்தேன்.

"புண்ணுல எடுத்தா தெரியாமப் போகலாங்க."

"தெரிஞ்ச வரைக்கும் போதும்."

ரிப்போர்ட்டில் ஒன்றும் இல்லை. நோய் இல்லையென்றால் வேறென்ன? பிள்ளையைக் குளிப்பாட்டுவது என் தங்கை. மனைவி இறந்த நாளிலிருந்து எங்களோடு இருந்து மகளைத் தூக்கி வளர்த்தவள்.

"சூடு பார்த்தியா, இல்ல போன்ல பேசிக்கிட்டே வெந்நீரை ஊத்தினியா?"

"முழங்கைய விட்டுப் பார்த்துட்டுத்தாண்ணா ஊத்தறேன்."

"அப்போ இது வானத்துலேருந்து வந்துச்சா?"

அவள் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். நான் வாசல்வரைகூடப் போகவில்லை. பாவி நான்.

அவள் போன பிறகும் கொப்புளங்கள் வந்துகொண்டே இருந்தன. மூன்று வாரத்தில் என் வாய் அடங்கியது. நல்ல தோலில் எடுக்கச் சம்மதித்தேன்.

இந்த முறை டாக்டரம்மா என்னையே மைக்ராஸ்கோப்பில் பார்க்கச் சொன்னார். இருட்டில் பச்சையாக ஒரு கோடு, நேர்த்தையல் போட்டதுபோல.

"கிருமியை எதிர்க்கவேண்டிய எதிர்ப்பொருள் இது. தோலோட ரெண்டு அடுக்கும் சேர்ற இடத்துல படிஞ்சு, தப்பா அதையே தாக்குது. அதான் மேல்தோல் கழண்டு நீர் கோக்குது. மாத்திரைக்குக் கேக்கும். யார் மேலயும் தப்பில்ல."

அவருக்கு என்ன தெரியும்.

கொப்புளங்கள் அடங்கியதும் மகளைக் கூட்டிக்கொண்டு தங்கையின் வாடகை அறைக்குப் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். மகள் "அத்தை!" என்று இரண்டு கையையும் நீட்டினாள். தங்கை தன் கைகளை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள்.

"தூக்கும்மா. வாய்க்கு வந்தபடி பேசினது நான். உன் கை என்ன பண்ணுச்சு?"

"புரியுதுண்ணா. ஆனா நான் தொட்டா மறுபடி வந்துடுமோன்னு இருக்கு. நீயே தூக்கிக்கோ."

மகள் நீட்டிய கையை இறக்காமல் நின்றாள். கடைசியில் நான்தான் தூக்கினேன்.