மதுரை பஸ்ஸில் போன சொல்

அவிழ்ந்த கூந்தலை அள்ளி முடிந்துகொண்டே நாச்சியார் ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டை நோக்கி ஓடினாள். அப்பாவை நடுவீட்டில் கிடத்திவிட்டு மகள் தெருவில் ஓடினால் ஊர் சும்மா பார்க்குமா? அத்தை வாசல்வரை வந்து, கிறுக்குப் பிடித்துவிட்டதா என்று கத்தினாள். நாச்சியார் திரும்பவில்லை. மதுரை பஸ் புறப்படுவதற்குள் போயாக வேண்டும்.

எண்பத்தொன்பது தேர்தல் நாள் அது. ஊரே வாக்குச்சாவடி வாசலில் நின்றது. அவள் அப்பா தவசிமுத்து காலையிலேயே சலவை வேட்டி கட்டிக்கொண்டு போனார். மை வைத்த விரலை எல்லாருக்கும் தூக்கிக் காட்டியபடி வெளியே வந்தவர், வேப்பமரத்தடியில் உட்கார்ந்தார், அப்படியே சாய்ந்துவிட்டார்.

நிருபர் காசிராஜன் வீட்டுக்கு வந்து பேரும் வயதும் கேட்டு எழுதிக்கொண்டு போனான். அவன் எழுதுவதைக் கவரில் போட்டு மதுரை பஸ் கண்டக்டரிடம் கொடுத்துவிட்டால், மறுநாள் காலைப் பத்திரிகையில் வந்துவிடும். அவன் போன பிறகுதான், அவன் கையிலிருந்த தாளில் பார்த்த தலைப்பு நாச்சியாருக்கு உறைத்தது. 'ஓட்டுப் போட வந்த முதியவர் சாவு.'

சாவு என்ற அந்தச் சொல்லோடு அப்பாவுக்கு நெடுநாள் வழக்கு. ராஜபாளையம் மில்லில் வேலை பார்த்த காலத்தில், தொழிலாளர் படிப்பறையில் கிடக்கும் பழைய செய்தி வார இதழ்களை வீட்டுக்கு அள்ளிக்கொண்டு வருவார். முதலாளி என்றால் 'மறைவு', தலைவர் என்றால் 'காலமானார்', கூலிக்காரன் என்றால் 'சாவு'. பக்கம் பக்கமாக விரல் வைத்துக் காட்டிச் சிரிப்பார்.

"எல்லா மூச்சும் ஒண்ணு போலத்தான் நிக்கி. அச்சுல ஏத்தும்போதுதான் ஆளு பாக்கான்" என்பார்.

ஒருநாள் சிரிக்காமல், தனக்கு என்ன போடுவான் என்று கேட்டார். காலமானார் என்றுதான் போட வேண்டும், நான் பார்த்துக்கொள்கிறேன் என்று இவளும் வாய்க்கு வந்ததைச் சொல்லிவைத்தாள். அதற்கே அவருக்கு அப்படியொரு பூரிப்பு.

பஸ் உறுமிக்கொண்டு நின்றது. காசிராஜன் கண்டக்டரிடம் நீட்டிய கவரை நாச்சியார் இடையில் பாய்ந்து பிடுங்கினாள். விஷயத்தைக் கேட்டதும் அவன் தலையில் கைவைத்துக்கொண்டான். சாதாரண ஆளுக்குக் காலமானார் என்று போட்டால் மதுரையில் குப்பையில்தான் போடுவார்கள், செய்தியே வராமல் போய்விடும் என்று கெஞ்சினான். டிரைவர் ஹாரனை அழுத்தினார்.

"வராட்டிப் போகட்டும்ண்ணே. வந்தா காலமானார்னு வரட்டும். முதியவர்னும் போடாதிய, அவியளுக்குப் பேரு இருக்கு."

காசிராஜன் அவள் கையிலிருந்து கவரை வாங்கினான். கிழித்துத் தாளை எடுத்தான். பஸ்ஸின் தகரத்திலேயே தாளை வைத்து அடித்துத் திருத்தினான். நகரத் தொடங்கிய பஸ்ஸோடு கூடவே ஓடி, ஜன்னல் வழியாகக் கண்டக்டர் மடியில் போட்டான். நாச்சியார் கைதட்டிவிட்டாள். அப்பா செத்த அன்றைக்கு இப்படி ஒரு சந்தோஷமா என்று அப்புறந்தான் வெட்கமாக இருந்தது.

திருப்பூரிலிருந்து அண்ணன் வரவேண்டியிருந்ததால் மறுநாள் காலையும் அப்பா வீட்டில்தான் இருந்தார். விடிந்ததும் காசிராஜன் பத்திரிகையை ஆட்டிக்கொண்டே சைக்கிளில் வந்தான். தெருமுனையில் அவன் சிரிப்பைப் பார்த்ததுமே அவள் ஓடிப்போய்ப் பத்திரிகையை வாங்கினாள்.

அப்பாவின் தலைமாட்டில் உட்கார்ந்து உரக்க வாசித்தாள்.

"ஓட்டுப் போட்டுவிட்டு வந்த தவசிமுத்து காலமானார்."

கூட்டம் முண்டியடித்தது. கத்திய அத்தையே பத்திரிகையை வாங்கித் தொட்டுப் பார்த்தாள். எழுத்துத் தெரியாத அம்மா இன்னொரு தடவை, இன்னொரு தடவை என்று வாசிக்கச் சொல்லிக் கேட்டாள். ஒவ்வொரு தடவையும் நாச்சியாரின் குரல் ஏறிக்கொண்டே போனது.

நாலாவது தடவை அவள் கண் ஒரு வரி கீழே இறங்கிவிட்டது. 'லாரி மோதித் தொழிலாளி சாவு.' அப்பாவாக இருந்தால் விரல் முதலில் அங்கேதான் போயிருக்கும்.

"ஏன் நிப்பாட்டிட்ட? கீழ என்ன போட்டிருக்கு?" என்றாள் அம்மா.

"அது வேற ஆளும்மா."

"யாராம்?"

நாச்சியார் பத்திரிகையை மடித்து, அப்பாவின் மை வைத்த கையருகே வைத்தாள்.

"பேரு போடல."