ஆளைப் பார்க்கிறவள்

என் மனைவிக்கு ஒரு பெரிய கடையின் கேமரா அறையில் வேலை. சோப்பு முதல் சோபா வரை எல்லாம் விற்கும் கடை அது. ஜன்னல் இல்லாத ஒரு சின்ன அறையில் உட்கார்ந்துகொண்டு, சுவர் முழுக்க இருக்கும் திரைகளில் வருகிறவர் போகிறவர் எல்லாரையும் பார்த்துக்கொண்டிருப்பாள். கடையில் அவளுக்குக் கழுகு என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அது அவளுக்கும் தெரியும், அதில் கொஞ்சம் பெருமையும் உண்டு.

"சரக்கைப் பாக்குறவங்க வாங்க வந்தவங்க. ஆளைப் பாக்குறவங்க எடுக்க வந்தவங்க" என்பாள். கையைப் பார்த்துக்கொண்டிருந்தால் ஏமாந்துவிடுவோமாம். கழுத்து எந்தப் பக்கம் திரும்புகிறது என்றுதான் பார்க்க வேண்டுமாம். அவள் வேலையில் இன்னொரு விதியும் உண்டு. ஒருவர் பையில் போட்டதைக் கண்ணாலேயே பார்த்தாலும் கடைக்குள் நிறுத்தக் கூடாது. நிறுத்தினால், "பில் போடத்தான் எடுத்துட்டுப் போறேன்" என்று சொல்லித் தப்பித்துவிடுவார்கள். வாசலைத் தாண்டி ஒரு அடி வைக்கட்டும், அதுவரை வாயைத் திறக்காமல் காத்திருக்க வேண்டும்.

இந்தக் கதைகளைச் சாப்பிடும்போது சொல்வாள். நானும் மகளும் கை காய்வது தெரியாமல் கேட்டுக்கொண்டிருப்போம். மகளுக்குப் பதினான்கு வயது. தூங்கும் நேரம் தவிர வாய் மூடாது என்பதால் சின்ன வயதிலிருந்தே அவளை ரேடியோ என்றுதான் கூப்பிடுவேன். அம்மா பிடித்த ஆட்களைப் போலவே நடந்து காட்டி, திருதிருவென்று முழித்துக் காட்டி, எங்களைச் சிரிக்க வைப்பாள்.

அந்த ரேடியோ எப்போது அணைந்தது என்று எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியாது. நான் பிரிட்ஜ் மெக்கானிக். சத்தம் போடுகிற மிஷினைத்தான் திறந்து பார்த்துப் பழக்கம். சத்தமில்லாமல் ஓடினால் நன்றாக ஓடுகிறது என்று விட்டுவிடுவேன். பெண் அமைதியாகிவிட்டாள், வளர்ந்துவிட்டாள் என்று நானும் நிம்மதியாக இருந்தேன். என் மனைவிக்குத்தான் மூக்கில் வியர்த்தது.

"ஏங்க, இவ ஆளைப் பாக்குறா" என்றாள் ஒரு ஞாயிற்றுக்கிழமை, துணி மடித்துக்கொண்டே.

"யாரை?"

"என்னைத்தான். ஸ்கூல் விட்டு வந்ததும் நேரா பிரிட்ஜுக்குப் போகணும்ல? போறதில்ல. வாசப்படியிலயே நின்னு முதல்ல என் மூஞ்சியைப் பாக்குறா. அப்புறம்தான் உள்ள வர்றா. நாளைக்குப் பாருங்க."

மறுநாள் சீக்கிரம் வந்து பார்த்தேன். அவள் சொன்னது அப்படியே நடந்தது. மகள் செருப்பைக் கழற்றினாள், சமையலறை வாசலில் நின்றாள், அம்மாவின் முகத்தை ஒரு நொடி படித்தாள். பிறகு ஒரு சிரிப்பை வரவழைத்துக்கொண்டு, "இன்னைக்குக் கடையில எப்படிம்மா இருந்துச்சு?" என்றாள். என் மனைவி என்னைப் பார்த்து ஒரு புருவத்தைத் தூக்கினாள்.

"என் ஷிப்ட்டைத் தெரிஞ்சிக்கிறா" என்றாள் பிறகு. "எப்ப இருப்பேன், எப்ப இருக்க மாட்டேன்னு கணக்குப் போடுறா."

அதன்பிறகு எதைத் தொட்டாலும் சாட்சி ஆகிவிட்டது. சொல்லாமலே பாத்திரம் கழுவினாள்; காக்கா பிடிக்கிறாளாம். தோழி வீட்டுக்குப் போவதை நிறுத்தினாள். சண்டை ஏதோ நடந்திருக்கிறது, அதை மூடி மறைக்கிறாளாம். டிவி சத்தத்தைக் குறைத்து வைத்தாள்; நாங்கள் பேசுவதை ஒட்டுக் கேட்கிறாளாம். எனக்கு எதிலும் ஒன்றும் தெரியவில்லை. ஆனால் இருபது வருடமாக ஆட்களைப் பிடிப்பதையே பிழைப்பாக வைத்திருப்பவள் சொல்லும்போது, நட்டு முடுக்குகிறவன் எப்படி இல்லை என்பது?

அப்புறம் தலையணை விவகாரம் வந்தது. எங்கள் அறைக்குள் மகள் தனியாக நுழைந்ததையும், அம்மாவின் தலையணையைக் கையால் தடவிப் பார்த்ததையும் என் மனைவி கதவிடுக்கில் பார்த்துவிட்டாள். பீரோ சாவியை ஒரு காலத்தில் அந்தத் தலையணைக்கு அடியில்தான் வைப்பாள்.

"சாவியைத் தேடுறா. இப்பவாவது நம்புறீங்களா?"

"கூப்பிட்டுக் கேட்டுடலாம்" என்றேன்.

"கேட்டா என்ன சொல்லுவா? சும்மா போனேன்னு சொல்லுவா. அதோட உஷாராயிடுவா. அவசரப்படாதீங்க. வாசலைத் தாண்டட்டும்."

அப்படியே விட்டோம். கேட்காமல் காத்திருந்தோம். வாசல் எது, எதைத் தாண்டினால் தாண்டியதாகக் கணக்கு என்று நானும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. வீட்டில் மூன்று பேரும் ஒருவரை ஒருவர் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டு சாப்பிட்டு எழுந்தோம். சந்தேகம் சளி மாதிரி, பக்கத்தில் படுத்தவனுக்கும் ஒட்டிக்கொண்டது. ஒரு நாள் நானே என் டூல்ஸ் பெட்டிக்குப் பூட்டு வாங்கி மாட்டினேன். பதினான்கு வயதுப் பெண்ணுக்கு ஸ்பானர் எதற்கு என்று எனக்கு அப்போது தோன்றவில்லை. அவள் அந்தப் பூட்டைப் பார்த்தாள். ஒன்றும் கேட்காமல் உள்ளே போய்விட்டாள்.

அந்த வாரம் சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து, தட்டிலேயே கண்ணை வைத்துக்கொண்டு சொன்னாள்: "அப்பா, அடுத்த வருஷம் என்னை ஹாஸ்டல்ல சேத்துடுங்க."

"ஏம்மா, இங்க என்ன குறை?"

"குறையெல்லாம் இல்லப்பா."

என் மனைவியின் கண்ணில் மட்டும், திரையில் ஆள் சிக்கிவிட்டால் வருமே, அந்தப் பளபளப்பு. மகள் எழுந்து போனதும், "மடியில கனம் இல்லாதவ எதுக்கு வீட்டை விட்டு ஓடுறா?" என்றாள். எனக்குக் கோபம் வந்தது, யார் மேல் என்றுதான் தெரியவில்லை. எங்களுக்கு இருப்பது ஒரே பெண். அவளும் போய்விட்டால் அந்த வீட்டில் நானும் ஒரு கழுகும்தான் மிச்சம். அவள் போகக் கூடாது; அது ஒன்றுதான் எனக்கு வேண்டியிருந்தது. ஆனால் போகாதே என்று சொல்வதற்குக்கூட அவள் மனதில் என்ன இருக்கிறது என்று தெரிய வேண்டுமே.

சனிக்கிழமை மதியம் ஒரு வீட்டில் பிரிட்ஜின் பின்பக்கத்தைக் கழற்றிப் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தபோது மனைவி போன் செய்தாள். "கடைக்கு வாங்க. உடனே வாங்க" என்றாள். குரல் அவள் குரல் மாதிரியே இல்லை. கழற்றியதை அப்படியே போட்டுவிட்டு, அந்த வீட்டுக்காரர் திட்டத் திட்டக் கிளம்பினேன்.

கடையின் பின்பக்கத்தில், அட்டைப் பெட்டிகள் அடுக்கிய ஒரு அறையில் என் மகள் உட்கார்ந்திருந்தாள். மேஜை மேல் ஒரு பச்சை பிளாஸ்டிக் சோப்பு டப்பா. என் மனைவி சுவரோரம் நின்றிருந்தாள், முகத்தில் ஈயாடவில்லை. பக்கத்தில் மேனேஜரும் செக்யூரிட்டிக்காரரும். செக்யூரிட்டிக்காரர் என்னைப் பார்த்ததும் தானே தப்பு செய்தவர் மாதிரி தலையைக் குனிந்துகொண்டார்.

மேனேஜர் நல்ல மனிதர். "சின்ன விஷயம்தான் சார், பெரிசு பண்ண வேண்டாம். ஆனா நீங்க இதைப் பாக்கணும்" என்று கம்ப்யூட்டரில் பதிவை ஓடவிட்டார்.

மேலேயிருந்து எடுத்த படம். மூன்றாவது வரிசையில் ஒரு பெண்ணின் பின்னந்தலை தெரிகிறது, நீலச் சட்டை, தோளில் பை. அந்தப் பெண் ஆளையும் பார்க்கவில்லை, சரக்கையும் பார்க்கவில்லை. எதிர்ப்பக்கக் கூரையில் எதையோ தேடுகிறாள். கேமராவைத் தேடுகிறவளை எந்தக் கழுகு விடும்? அந்த நேரத்தில்தான் என் மனைவி வாக்கிடாக்கியை எடுத்து, "மூணாவது வரிசை, நீலச் சட்டை, வாசல்ல கண்ணு வைங்க" என்று சொல்லியிருக்கிறாள். தினமும் தன் கையால் வாரிவிட்ட தலையை அவளுக்கு அடையாளம் தெரியவில்லை. சொல்லி முடித்த பிறகுதான் திரையில் அந்த முகம் திரும்பியது.

என் மகள் கேமராவை நேராகப் பார்த்தாள். சோப்பு டப்பாவை முகத்துக்குப் பக்கத்தில் தூக்கிக் காட்டினாள். மெதுவாகப் பையில் வைத்தாள். ஓடவில்லை, ஒளியவில்லை. நேராக வாசலுக்குப் போய், அதைத் தாண்டி ஒரு அடி வைத்து, அங்கேயே நின்றாள். செக்யூரிட்டிக்காரர் வரும்வரை பையைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றாள்.

மேனேஜர் பதிவை நிறுத்திவிட்டு, "பேசிட்டு வாங்க" என்று செக்யூரிட்டிக்காரரையும் அழைத்துக்கொண்டு வெளியே போனார்.

"எதுக்குடி?" என்றாள் என் மனைவி. "உனக்கு எதுக்குடி சோப்பு டப்பா?"

"எனக்கு வேண்டாம்மா. கைக்கு எட்டுச்சு, எடுத்தேன்."

"அப்ப எதுக்கு எடுத்தே?"

"நீ ரொம்ப நாளா காத்துக்கிட்டு இருந்தே. நான் என்ன பண்ணாலும் பாத்துக்கிட்டே இருந்தே, ஒண்ணும் கேக்கல. அப்பா டூல்ஸ் பெட்டியைப் பூட்டிட்டாங்க. எதையாவது எடுத்துட்டா இது முடிஞ்சிடும்னு நினைச்சேன்."

எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. என் மனைவி மட்டும் விடவில்லை. அவ்வளவு நாள் சேர்த்து வைத்த சாட்சிகளை அவளால் சும்மா போட்டுவிட முடியவில்லை. "அப்ப ரூமுக்குள்ள போய் என் தலகாணியை எதுக்குத் தடவினே?"

"ஈரமா இருக்கான்னு பாத்தேன்."

என் மனைவி சுவரை விட்டு ஒரு அடி முன்னால் வந்தாள்.

"ஒரு நாள் நீ பாத்ரூம்ல குழாயைத் திறந்துவிட்டுட்டு அழுதியேம்மா. ரொம்ப நேரம் அழுதே. வெளிய வந்து சிரிச்சே. எனக்குப் பயமாயிடுச்சு. அதிலேர்ந்து நீ அழுதியா இல்லையான்னு வந்ததும் பாத்துக்குவேன். கண்ணு சிவந்திருந்தா பாத்திரம் கழுவிடுவேன். கடையில ஏதாவது ஆச்சான்னு கேப்பேன். நீ ஒண்ணுமில்லைன்னு சொல்லிட்டு என்னை ஒரு மாதிரி பாப்பே."

என் மனைவி அழுத விஷயம் எனக்குத் தெரியாது. அவள் அழுவாள் என்பதே எனக்குத் தெரியாது. நான் அவளைப் பார்த்தேன். அவள் மெல்ல அட்டைப் பெட்டி ஒன்றின் மேல் உட்கார்ந்தாள்.

"துணி செக்ஷன்ல ஒருத்தி இருந்தாளே, என்னோட சாப்பிடுவாளே" என்று மேஜையைப் பார்த்தபடி சொன்னாள். "அவ ஒரு துப்பட்டாவைப் பைக்குள்ள வச்சதை ஸ்கிரீன்ல பாத்தேன். சொல்லிட்டேன். அன்னைக்கே வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. அது அவ வீட்டுலேர்ந்து போட்டுட்டு வந்ததுன்னு அப்புறம்தான் தெரிஞ்சுது. திரும்பக் கூப்பிட்டாங்க, அவ வரல. என் போனை எடுக்கவும் இல்ல."

"என்கிட்ட சொல்லலையே" என்றேன்.

"நீங்க கேக்கலையே."

அதில் குத்தல்கூட இல்லை. உள்ளதைச் சொன்னாள், அவ்வளவுதான். அவள் பாத்ரூமில் அழுதபோது நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று யோசித்தேன். டிவி பார்த்திருப்பேன். குழாய்ச் சத்தம் கேட்டு, தண்ணீர் வீணாகிறது என்று ஒரு குரல்கூடக் கொடுத்திருப்பேன். ஒருத்தி எல்லாரையும் திருடர்களாகப் பார்த்தாள், ஒருவன் யாரையுமே பார்க்கவில்லை. மிச்சமிருந்த ஒரு குழந்தைதான் எங்கள் இருவரையும் உண்மையிலேயே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறது, அதுவும் பள்ளிக்கூடப் பாடத்துக்கு நடுவில். எனக்கு வெட்கமாக இருந்தது.

மகள் எழுந்து வந்து அம்மாவின் பக்கத்தில், அதே பெட்டியின் மேல் நெருக்கி உட்கார்ந்தாள். எல்லாம் சரியாகிவிட்டது என்று எனக்குத் தோன்றிவிட்டது. எனக்கு அப்படித்தான் சீக்கிரம் தோன்றும்.

"இனிமே ஹாஸ்டல் பேச்செல்லாம் வேண்டாம்தானே ரேடியோ?" என்றேன்.

"இல்லப்பா. போறேன்."

"அதான் எல்லாம் பேசியாச்சே."

"கோபமில்லப்பா. அங்க போனா யார் மூஞ்சியையும் பாத்துக்கிட்டே இருக்க வேண்டாம்ல. எனக்குக் கொஞ்சம் டயர்டா இருக்கு."

பதினான்கு வயதில் ஒரு குழந்தை சொல்கிற வார்த்தையா அது. வழக்கமாக இந்த இடத்தில் என் மனைவி ஏதாவது விசாரணை தொடங்குவாள், அன்று தொடங்கவில்லை. மகளின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"சரி, போ" என்றாள். "ஆனா அடுத்த வருஷம் ஸ்கூல் திறக்க இன்னும் நாள் இருக்கு. அதுவரைக்கும் நான் அழுதா நானே வந்து உன்கிட்ட சொல்லிடுறேன். நீ பாக்க வேண்டாம்."

மகள் அம்மாவைப் பார்க்கவில்லை. மேஜை மேலிருந்த சோப்பு டப்பாவைப் பார்த்தபடியே கேட்டாள். "அப்பாவும் சொல்லுவாங்களா?"

நான் எதற்கு அழப் போகிறேன் என்று சொல்ல வாயெடுத்தேன். குரல் வரவில்லை.