பதினான்கு முற்றங்கள்

பொங்கல் கட்டுரை எழுதிய பதினான்கு கொப்பிகளிலும் பதினான்கு பிள்ளைகள் அதிகாலையில் எழுந்து, முற்றத்தைக் கூட்டி, சாணம் தெளித்திருந்தார்கள். ஜெர்மனியின் ஹம் நகரத்தில் மூன்றாம் மாடியிலும் நான்காம் மாடியிலும் குடியிருக்கிற பிள்ளைகள். சுகன்யாதேவி சிவப்புப் பேனாவை மூடி வைத்துவிட்டு, "சாணம் எண்டா என்னெண்டு ஆருக்குத் தெரியும்?" என்று கேட்டாள். ஒரே ஒரு கை எழும்பியது. அனுஜனுடைய கை.

"வாசத் தண்ணி, டீச்சர். பார்ஃபியூம் மாதிரி."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. பிறகு கோபம் வந்தது. கோபம் பிள்ளைகள் மேல் அல்ல. சனிக்கிழமைகளில் ஒரு ஜெர்மன் பள்ளியின் நான்கு அறைகளை இரவல் வாங்கி நடக்கிற இந்தத் தமிழ்ப் பள்ளியில், ஆண்டுத் தேர்வுக்கு முன் நிர்வாகி சிவகுருநாதன் ஆறு கட்டுரைகளைத் தாளில் அடித்துக் கொடுப்பார். பிள்ளைகள் பாடமாக்குவார்கள். ஆறில் ஒன்று நிச்சயம் வரும். இருபது வருடமாக ஒரு பிள்ளையும் தவறவில்லை. பனி கொட்டினாலும் எட்டு மணிக்கு வந்து கதவு திறக்கிற மனிதர் அவர். அவரை ஒருவரும் ஒரு சொல் சொல்ல முடியாது. அதுதான் தொல்லையே.

சுகன்யாதேவி எழுதக் கற்றுக்கொண்டது முதியோர் இல்லத்தில். பராமரிப்பு வேலைக்கு அவுஸ்பில்டுங் என்கிற தொழிற்பயிற்சி செய்த காலத்தில், "ஐயா இன்று கவலையாக இருந்தார்" என்று அவள் எழுதிய அறிக்கையை மேற்பார்வைக்காரி மூன்று தரம் திருப்பிக் கொடுத்தாள். கவலை என்பது நீ நினைத்தது, நீ கண்டது என்ன என்று கேட்டாள். நாலாம் தரம் அவள் எழுதினாள்: "இரண்டு கரண்டி சூப் குடித்தார். மூன்றாவதைத் தள்ளிவிட்டார். மகளின் படத்தைக் கவிழ்த்து வைத்தார்." அதை வாசித்த, அடுத்த முறை வேலைக்கு வந்த பெண் மேலங்கியைக்கூடக் கழற்றாமல் போய் அந்தக் கிழவரின் பக்கத்தில் இருந்தாள். எழுத்து ஒரு ஆளை எழும்பி நடக்க வைக்கும் என்று சுகன்யாதேவி அன்றைக்குத்தான் கண்டாள்.

ஆகவே சிவகுருநாதனின் கட்டுரைத் தாள்களைப் பைக்குள் வைக்கச் சொன்னாள். உங்கள் வீட்டுப் பொங்கலில் உங்கள் கண் கண்டதை மட்டும் எழுதுங்கள் என்றாள். பதினொரு வயதுக் கம்சனா இப்படி எழுதினாள்:

"பால் பொங்கி அடுப்பில் எரிந்தது. புகை அலாரம் அடித்தது. அப்பா கதிரையில் ஏறி அதைக் கழற்றினார். கீழ்வீட்டு மனிதர் வந்து கத்தினார். அப்பாவுக்கு ஜெர்மன் தெரியும். ஆனால் அப்போது வரவில்லை. சூரியன், சூரியன் என்று தமிழில் சொல்லி ஜன்னலைக் காட்டினார். ஜன்னலில் மழை பெய்தது."

சுகன்யாதேவி அதற்குக் கீழே சிவப்புப் பேனாவால் ஒன்றும் எழுதவில்லை. கை வரவில்லை. கொப்பியை வீட்டுக்குக் கொடுத்தனுப்பினாள்.

அடுத்த சனிக்கிழமை வகுப்புத் தொடங்கி ஐந்து நிமிடத்தில் கதவு திறந்தது. சிவகுருநாதனும், அவருக்குப் பின்னால் கம்சனாவின் தாய் பிறேமாவும் நின்றார்கள்.

"தங்கச்சி, ஒருக்கா வெளியில வாங்கோ."

"இங்கையே சொல்லுங்கோ அண்ணை. பிள்ளையளும் கேக்கட்டும்."

பிறேமா முந்திக்கொண்டாள். "என்ர மனுசன் பேச்சு வராமல் முழிச்சதை எழுதவோ நான் பிள்ளையை இங்க விட்டனான்? மானத்தைக் கப்பலேத்திப் போட்டியள்."

"நான் ஒருத்தருக்கும் காட்டேல்லை பிறேமா. அது உங்கட வீட்டுக்குத்தான் வந்தது."

சிவகுருநாதன் கட்டுரைத் தாள்களை மேசையில் வைத்தார். அவர் குரல் உயரவில்லை. "தேர்வுக்கு மூண்டு கிழமை கிடக்கு. பிள்ளையள் பெயிலானால் தாய் தேப்பன் அனுப்பாயினம். பிறகு தமிழும் இல்லை, ஒண்டும் இல்லை. ஒண்டில் இதைச் சொல்லிக் குடுங்கோ, இல்லாட்டி வகுப்பை என்னட்டைத் தாங்கோ."

"ஏலாது அண்ணை."

"எது ஏலாது?"

"ரெண்டும்."

பதில் சொல்லிவிட்டுப் பிள்ளைகள் பக்கம் திரும்பினாள். அப்போதுதான் பார்த்தாள். கம்சனா தலையைக் குனிந்தபடி, சத்தம் வராமல், அந்தப் பக்கத்தைக் கொப்பியிலிருந்து கிழித்துக்கொண்டிருந்தாள். பாதி வந்துவிட்டது. மீதியும் வந்தால் இந்தப் பிள்ளை சாகும்வரை சாணம்தான் தெளிக்கும்.

"கம்சனா, நிப்பாட்டு. பிழை என்ரதான். உங்களை எழுதச் சொன்னனான், நான் ஒருநாளும் எழுதிக் காட்டேல்லை."

சுகன்யாதேவி சோக்கை எடுத்துப் பலகையின் இடது ஓரத்தில் எழுதினாள்: "இன்று நான் மகிழ்ச்சியோடு பள்ளிக்கு வந்தேன்."

"பொய், டீச்சர்!" என்றான் அனுஜன்.

"ஓம், பொய்." குறுக்கே கோடு போட்டாள். "வகுப்புக்கு இரண்டு பேர் வந்து நிற்கிறார்கள். ஒருவர் என் வகுப்பைக் கேட்கிறார். என் கை நடுங்குகிறது." எழுத்தும் நடுங்கித்தான் இருந்தது. பிள்ளைகள் பேனாவை எடுத்தார்கள்.

"தங்கச்சி, இது விளையாட்டில்லை." சிவகுருநாதன் பலகை துடைக்கிற ஈரப் பஞ்சை எடுத்து முதல் வரியை அழித்தார். அவள் ஒரு அடி வலப்பக்கம் தள்ளி நின்று எழுதினாள். அவர் இரண்டாவதை அழித்தார். அவள் பலகையின் மடிப்பை விரித்து அடுத்த பக்கத்துக்குப் போனாள். பயம் எங்கேயோ போய்விட்டது. இனி வகுப்பு போனாலும் போகட்டும், இந்தப் பலகை முடியும்வரை எழுதுவது என்று தீர்மானித்துவிட்டாள்.

"சிவகுருநாதன் அண்ணை பலகையை அழிக்கிறார்," என்று எழுதினாள்.

அவர் கை நின்றது. பஞ்சுத் தண்ணீர் முழங்கைவரை வழிந்து சட்டைக்குள் போனது. முன்வரிசையில் கம்சனா பாதி கிழிந்த பக்கத்தை உள்ளங்கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, அடுத்த பக்கத்தில் வேகமாக எழுதிக்கொண்டிருந்தாள். பிறேமா வாசலை விட்டு இரண்டு அடி உள்ளே வந்து, மகளின் மேசைக்கு முன்னால் நின்று கொப்பியை எட்டிப் பார்த்தாள்.

"அம்மா, மறைக்காதேங்கோ," என்றாள் கம்சனா, தலை நிமிராமல். "பலகை தெரியேல்லை."

பிறேமா விலகி நின்றாள்.