வால்வைத் திறக்காதவர்

“ஒருவனுடைய சொத்தைப் பறிக்கலாம், சுகத்தைப் பறிக்கலாம், அவன் பெயரை மட்டும் எந்தச் சக்தியாலும் பறிக்க முடியாது.” வைகை எழில் நகர் குடியிருப்போர் நலச் சங்கத்தின் ஆண்டு மலரில், தன் முழுப்பக்கப் புகைப்படத்துக்கு எதிரே, தலைவர் அசோக்குமார் இப்படி எழுதியிருந்தார். முத்துமீனாவின் பெயரை அந்த நகரில் ஒன்பது பேர் பறித்திருந்தார்கள். சக்தி எதுவும் தேவைப்படவில்லை. கட்டைவிரல் போதுமானதாக இருந்தது.

விஷயம் தெரியவந்தது தல்லாகுளத்தில். முத்துமீனா அங்கே ஒரு ஸ்கேன் சென்டரில் வேலை பார்த்தாள். ரிப்போர்ட் தயாரானதும் ஆட்களைக் கூப்பிட்டுச் சொல்வது அவள் பொறுப்பு. ஆபீஸ் போன் பழுதாகிவிட்டதால் ஒரு வாரமாகத் தன் போனிலிருந்தே கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். யாரும் எடுக்கவில்லை. தலையை ஸ்கேன் எடுத்துவிட்டுப் போயிருந்த ஒரு பெரியவர் மட்டும் எடுத்தார்.

“தலைவலின்னு வருதேம்மா. நம்ம ரிப்போர்ட்டாத்தான் இருக்கும்னு எடுத்தேன்.”

பக்கத்து நாற்காலி பவதாரிணிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவள் போனில் யார் கூப்பிடுகிறார்கள் என்று பேர் காட்டுகிற ஆப் ஒன்று இருந்தது. தன் போனில் பதிந்திருந்த முத்துமீனாவின் எண்ணை அழித்துவிட்டு, “இப்ப எனக்கு அடிங்கக்கா” என்றாள். முத்துமீனா அடித்தாள். பவதாரிணியின் திரையில் பச்சை வட்டத்துக்குள் வந்தது: ‘எட்டாவது தெரு தலைவலி’.

“இது யாரு வச்ச பேரு?”

“அதக் காட்டாதுக்கா. ஊரு ஆளுக போன்ல உங்கள என்ன பேருல போட்டு வச்சிருக்காங்களோ, அதெல்லாம் உறிஞ்சி எடுத்து, எது அதிகமோ அதக் காட்டும். ஒன்பது பேரு தலைவலின்னு போட்டிருக்காங்க.”

மதுரைப் பக்கம் யாரையும் வெறும் பேரில் பதிந்து வைக்கிற வழக்கம் கிடையாது. முத்துமீனாவின் போனிலேயே ‘கேஸ் அண்ணே’, ‘கறிக்கடை புது நம்பர்’, ‘பல் டாக்டர் கோவக்காரர்’ என்றுதான் உலகம் அடுக்கப்பட்டிருந்தது. அந்தப் பல் டாக்டர் இந்நேரம் யார் யார் திரையிலெல்லாம் கோபமாக ஒளிர்ந்துகொண்டிருக்கிறாரோ என்று அவளுக்கு ஒரு நிமிடம் சங்கடமாக இருந்தது.

“மாத்திரலாம்க்கா. ரெண்டு நிமிஷ வேலை. முத்துமீனா, ஸ்கேன் சென்டர்னு நான் போட்டுத் தாரேன்.”

“வேணாம், இருக்கட்டும்.”

“என்னக்கா, தலைவலின்னு இருக்கு.”

“தலைவலின்னா அது இருக்குன்னு தலைக்குத் தெரியும்ல. முத்துமீனான்னா யாருக்குத் தெரியுது?”

அவள் அப்படிச் சொன்னதற்குக் காரணம் இருந்தது. ஆனையூருக்கு அந்தப்பக்கம் இருக்கும் வைகை எழில் நகருக்கு எட்டுத் தெருக்கள். அது வயலாக இருந்தபோது அதில் நாற்று நட்டவர்களின் பிள்ளைகள், படித்து, வேலைக்குப் போய், எட்டாவது தெருவில் வீடு கட்டியிருந்தார்கள். சங்கத்தின் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் முதல் ஏழு தெருக்களையும் நலம் விசாரித்துவிட்டுத்தான் அங்கே வரும். பெரும்பாலும் விசாரித்த இடத்திலேயே தங்கிவிடும். எட்டாவது தெருவுக்கென்று தனியாக ஒரு வால்வு உண்டு. அதைத் திறந்து அன்றோடு எட்டு நாள்.

புகார் கொடுக்கலாம். சங்கத்தின் பதினான்காவது விதி அதற்கு வழி செய்திருந்தது: ‘புகார்களைத் தொலைபேசியில் மட்டுமே தெரிவிக்க வேண்டும். நேரில் வந்து நிர்வாகிகளின் அமைதியைக் குலைக்கக் கூடாது. பதிவேட்டில் ஏறாத புகாரைப் பொதுக்குழுவில் பேச அனுமதி இல்லை.’ முத்துமீனா இரண்டு வருடமாக ஒவ்வொரு நிர்வாகிக்கும் தொலைபேசியில்தான் தெரிவித்துக்கொண்டிருந்தாள். எடுத்தால்தானே பதிவதற்கு. பதிவேடு வெள்ளையாகவே இருந்தது. அந்த வெள்ளையைப் பாராட்டி வருகிற ஞாயிற்றுக்கிழமை பொதுக்குழுவில் ‘புகாரற்ற ஆண்டு’ விழா. அழைப்பிதழின் பின்பக்கத்திலேயே தீர்மானத்தையும் அச்சடித்திருந்தார்கள்: ‘எட்டாவது தெருவிலிருந்து ஒரு புகார்கூட வராததால், அங்குத் தண்ணீர் தேவைக்கு மேல் இருப்பதாகக் கருதி, அத்தெருவின் முறை பூங்கா நீரூற்றுக்கு மாற்றப்படுகிறது.’

நீரூற்றைத் திறந்து வைக்கத் திருநகரிலிருந்து ஓய்வுபெற்ற பெரிய அதிகாரி ஒருவர் வருகிறார். அதற்குள் பதிவேட்டில் ஒரே ஒரு புகார் ஏறியாக வேண்டும். ஏறாவிட்டால் எட்டாவது தெருவின் தண்ணீர் பூங்காவில் வானத்தைப் பார்த்துப் பீய்ச்சிவிட்டு வந்த வழியே விழுந்துகொண்டிருக்கும்.

அன்று ராத்திரி சாப்பாட்டின்போது கணவன் முத்துக்குமரனிடம் சொன்னாள். அவன் ஒரு பஸ் கம்பெனி ஒர்க்ஷாப்பில் மெக்கானிக். அவனுக்குப் போன் போட்டாலும் எளிதில் எடுக்கமாட்டான். எப்போதும் வண்டிக்கு அடியில்தான் கிடப்பதாகச் சொல்வான்.

“நிர்வாகிங்க மொத்தம் எட்டுப் பேருதான். மலர்ல எண்ணிப் பாத்துட்டேன். ஒன்பதாவது ஆளு யாருங்க?”

“மோட்டார் போடுறவனா இருக்கும்” என்றான் முத்துக்குமரன், தட்டைப் பார்த்துக்கொண்டே. “பேசாமப் பேர மாத்திட்டுப் போ மீனா. எதுக்கு வம்பு?”

“மாத்தத்தான் போறேன். என் பேர இல்ல.”

மறுநாள் வெள்ளிக்கிழமை. வேலை முடிந்து வந்ததும் தெருவைக் கூட்டினாள். கூட்டுவது சிரமமில்லை; தண்ணீர் லாரி வரும் நேரத்தில் நாற்பத்தொரு வீடும் குடத்தோடு தெருவில்தான் நிற்கும். பாதிப் பேர் போனில் அந்த ஆப் ஏற்கெனவே இருந்தது, லோன் வேண்டுமா என்று கூப்பிடுகிறவர்களுக்குப் பயந்து. மீதிப் பேருக்கு அங்கேயே ஏற்றிக் கொடுத்தார்கள். அசோக்குமாரின் எண்ணை எல்லோரும் ஒரே பேரில் பதிய வேண்டும், அவ்வளவுதான் திட்டம். என்ன பேர் என்பதில்தான் தகராறு.

ஷேர் ஆட்டோ ஓட்டும் கருப்பு ஒரு பேர் சொன்னார். எதிர்வீட்டு இருளாயி காதைப் பொத்திக்கொண்டாள்.

“அண்ணே, கெட்ட வார்த்தை வேணாம்” என்றாள் முத்துமீனா. “அதுக்குன்னே கேஸு போடுவாரு. நடந்தத மட்டும் போடுவோம். அதுல அவரு என்னத்தப் பிடிக்க முடியும்?”

“நடந்தது என்னத்தா, ஒண்ணுமே நடக்கலயே. அம்புட்டு நாளும் வால்வைத் திறக்கவே இல்லயே அந்த ஆளு” என்றார் கருப்பு.

“அதான் பேரு.”

“எது?”

“எட்டாவது தெரு வால்வைத் திறக்காதவர்.”

இருளாயிக்கு மனசு ஒப்பவில்லை. “அவருக்கு என்னடி ‘திறக்காதவர்’? ‘திறக்காதவன்’னு போடு.”

“மரியாதையாவே இருக்கட்டும் மதினி. பெரிய மனுசன்.”

முத்துமீனா வாட்ஸ்அப்பில் அந்த வரியை அனுப்பினாள். ஒரு எழுத்துப் பிசகாமல் எல்லோரும் அப்படியே ஒட்டிக்கொண்டார்கள். அசோக்குமாருக்குத் தன் பேருக்கு முன்னால் மூன்று பட்டமும் பின்னால் இரண்டு பட்டமும் போட்டுக்கொள்வதில் விருப்பம் அதிகம். அவற்றையெல்லாம் முழுதாக எழுதிப் பதிந்து வைத்திருந்தவர் ஊரில் ஒருவர்தான், அது அவரேதான். மற்றவர்கள் ஆளுக்கொரு விதமாகப் பதிந்திருந்தார்கள். நாற்பத்தொன்றுக்கு ஒன்று என்றால் எந்த ஆப்பும் குழம்பாது.

சனிக்கிழமை காலையிலேயே வேலை காட்ட ஆரம்பித்தது. விழாவுக்கு முந்தின நாள் ஒரு தலைவர் எத்தனை பேரைக் கூப்பிட வேண்டியிருக்கும். பதினோரு மணிக்குக் கருப்பு ஆட்டோவிலிருந்தே முத்துமீனாவுக்குப் போன் போட்டார்.

“தங்கச்சி, பேனர் அடிக்கிற கடையில நிக்கிறேன். அவரு போன் போட்டிருக்காரு. கடைக்காரரு, ‘சார், பேனர்ல இந்தப் பேரத்தான் போடணுமா, இல்ல வேற பேரு இருக்கா’ன்னு கேட்டுப்புட்டாரு.”

“அவரு என்ன சொன்னாரு?”

“வச்சுட்டாரு. சமையல்காரரும் கேட்டாராம், ‘வால்வு சாருங்களா, வடைக்கு எத்தன பேரு’ன்னு.”

பன்னிரண்டு மணியிலிருந்து முத்துமீனாவின் போன் அடிக்கத் தொடங்கியது. இரண்டு வருடத்தில் முதல் முறையாக அந்த எண் அவளைத் தேடி வந்தது. திரையில் ‘எட்டாவது தெரு வால்வைத் திறக்காதவர்’ என்று மின்னுவதை ரசித்துப் பார்த்தாள். ஒரு ரிப்போர்ட்டை உறையில் போட்டு ஒட்டினாள். அடித்து ஓய்ந்தது. சாயங்காலம் வரை பத்தொன்பது முறை அடித்தது. பவதாரிணி, “எடுங்கக்கா, பாவம்” என்றாள்.

“எடுக்காம இருந்தா எப்படி இருக்கும்னு அவருக்கும் தெரியட்டும்.”

ஐந்தரை மணிக்கு அவள் வீடு திரும்பியபோது வாசலில் கார் நின்றது. எட்டாவது தெருவில் அந்தக் கார் நுழைவது அதுவே முதல் தடவை என்பதால் தெரு மொத்தமும் வேடிக்கை பார்த்தது. அசோக்குமார் வெள்ளைச் சட்டையில், கையில் போனோடு இறங்கி நின்றார்.

“என்னம்மா இது? சீஃப் கெஸ்ட் போன எடுக்கமாட்டேங்கிறார். வால்வு கம்பெனிக்காரன் யாரோன்னு நெனச்சுட்டாராம். இது மானநஷ்டம். நான் கோர்ட்டுக்குப் போவேன்.”

“போங்க சார். ஆனா அதுல எது பொய்யின்னு அங்க கேப்பாங்க. தெருவா, வால்வா, திறக்காததா?”

அவர் விரல்விட்டு எண்ணிப் பார்த்தார். மூன்றில் எதுவும் அகப்படவில்லை.

“சரி. என்ன வேணும் உங்களுக்கு?”

“புகார் குடுக்கணும்.”

“சொல்லுங்க.”

“நேர்ல சொல்லக் கூடாது சார். பதினாலாவது விதி. உங்க அமைதி குலைஞ்சிரும்.”

கருப்பு ஆட்டோவுக்குள் முகத்தைத் திருப்பிக்கொண்டார். முத்துமீனா தன் போனை எடுத்து அடித்தாள். இரண்டடி தள்ளி நின்ற அசோக்குமாரின் கையில் போன் அடித்தது. அவர் திரையைப் பார்த்தார், தெருவைப் பார்த்தார். நாற்பத்தொரு வீட்டு வாசலிலும் ஆட்கள் நின்றார்கள். எடுத்துக் காதில் வைத்தார்.

“ஹலோ.”

“சார், எட்டாவது தெரு தலைவலி பேசுறேன்.”

“…சொல்லுங்கம்மா.”

“எங்க தெருவுக்குப் பத்து நாளா தண்ணி விடல சார். வால்வைத் திறக்கணும். பதிவேட்டுல எழுதிக்கிறீங்களா?”

“எழுதிக்கிறேன்.”

“இப்ப எழுதுங்க சார். நான் லைன்லயே இருக்கேன்.”

கார் டிக்கியில் விழாச் சாமான்களோடு பதிவேடும் கிடந்தது. புகாரற்ற ஆண்டுக்குச் சாட்சியாக அதை மேடையில் வைத்து மாலை போடுவதாக ஏற்பாடு. அசோக்குமார் தோளுக்கும் காதுக்கும் இடையில் போனை இடுக்கிக்கொண்டு, கார் மேல் பதிவேட்டை விரித்து, புகார் எண் ஒன்று என்று எழுதினார். முத்துமீனா எட்டிப் பார்த்து, தேதி விட்டுப் போனதைப் போனிலேயே சொன்னாள். அதையும் எழுதினார்.

ஆறு மணிக்கு மோட்டார் போடுகிறவர் நீளச் சாவியோடு வந்து வால்வைத் திறந்தார். குழாய்கள் முதலில் இருமின, அப்புறம் காற்றைத் துப்பின, அப்புறம் செம்மண் கலரில் கொஞ்சம் விட்டு, வெளுத்து, ஓட ஆரம்பித்தன. இருளாயி குடத்தைக் கீழே வைத்துவிட்டு வெறுங்கையை நீட்டிக்கொண்டு நின்றாள்.

“பேர எப்பம்மா மாத்துவீங்க?” என்றார் அசோக்குமார்.

“நாளைக்கு அந்தத் தீர்மானத்தக் கிழிச்சதும் சார். அதுக்கப்புறமும் தினம் தண்ணி வந்தா, மாசத்துக்கு ஒரு வீடா மாத்துவோம். நாப்பத்தியோரு மாசம் ஆகும்.”

“உங்க பேரையும் மாத்தச் சொல்றேன் எங்க ஆளுகள.”

“மாத்த வேணாம் சார். அது அப்படியே இருக்கட்டும். ஒன்பது பேரும் வச்சுக்கங்க.”

“ஒன்பதா? நாங்க எட்டுப் பேருதானம்மா. மோட்டார் போடுறவரையும் சேத்துச் சொல்றீங்களா? அவர்ட்ட பட்டன் போன்தான் இருக்கு.”

கார் போனதும் முத்துமீனா மொட்டை மாடிக்கு ஏறினாள். தொட்டி வேகமாக நிரம்பிக்கொண்டிருந்தது. கீழே வீட்டில் முத்துக்குமரன் இருந்தான். ஷிப்ட் முடிந்து வந்து, பத்து நாள் கழித்துத் தாராளமாகக் குளித்துக்கொண்டிருந்தான். தொட்டிக்கு ஏறும் குழாயை மூடச் சொல்ல அவனுக்குப் போன் போட்டாள். எடுக்கவில்லை. மறுபடி போட்டாள். தொட்டி வழிய ஆரம்பித்தது. போனைக் காதில் வைத்தபடியே படியிறங்கி வீட்டுக்குள் வந்தாள்.

சாப்பாட்டு மேசையில் சார்ஜரில் கிடந்த கணவனின் போன் அடித்துக்கொண்டிருந்தது. திரையில் ‘வீட்டுத் தலைவலி’ என்று இருந்தது.