மிச்சினாவிலிருந்து ஒன்றேகால் மணி நேரம்

உத்தமபாளையத்து ஜெய்த்தூன் பீவிக்கு அஸ்ஸாமிலிருந்து கடிதம் வந்தபோது 1942 மே மாதம் பாதி கழிந்திருந்தது. முந்தின வருஷம் பிரசவத்துக்காக அவள் மட்டும் பர்மாவிலிருந்து ஊருக்கு வந்திருந்தாள். மாந்தளையில் துணிக்கடை வைத்திருந்த கணவன் கமாலும், அத்தாவை விட்டு வரமாட்டேன் என்று அடம்பிடித்த ஒன்பது வயது மகள் ரஹ்மத்தும் அங்கேயே தங்கிவிட்டார்கள். பிறகு ஜப்பான்காரன் வந்தான்.

கடிதம் எழுதியவர் டிஞ்ஜான் விமானத் திடலில் அகதிகளுக்கு மருந்து கொடுக்கும் ஞானசிகாமணி என்ற கம்பவுண்டர். ஜெய்த்தூனின் அண்ணன் முகைதீன் வாசித்தான்.

"தங்கள் மகள் வடபர்மாவின் மிச்சினாவிலிருந்து விமானத்தில் இங்கே வந்து சேர்ந்தாள். ஒரு இடம்தான் கிடைத்ததாம். பிள்ளையை ஏற்றிவிட்டுத் தகப்பனார் நின்றுவிட்டார். இருநூறு மைல், ஒன்றேகால் மணி நேரப் பயணம். மறுநாள் மிச்சினாத் திடலில் குண்டு விழுந்தது. இனி அங்கிருந்து விமானம் வராது. மிச்சமிருப்பவர்கள் நடந்து வருகிறார்கள்."

"இருநூறு மைலுன்னா எம்புட்டு தூரம்ண்ணே?"

"மதுரைக்குப் போயி, திரும்பி வந்து, மறுக்கா மதுரைக்குப் போற தூரம்."

"அம்புட்டுத்தானா? அவுக நடந்துருவாக."

இடையில் இருப்பது மலையும் காடும் என்று கம்பவுண்டர் கீழே எழுதியிருந்ததை முகைதீன் வாசிக்கவில்லை.

ரயில் மாறி மாறி அவன் டிஞ்ஜான் போய்ச்சேரப் பதினோரு நாளாயிற்று. ரஹ்மத் திடலின் ஓரத்தில் வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். "அத்தா வந்ததும் போவோம் மாமா" என்றாள். மழை பிடித்துக்கொண்டது. நடந்து வந்தவர்களின் கால்கள் புண்ணாகியிருந்தன. அவர்களிடம் கமாலின் பேரைச் சொல்லிச் சொல்லி முகைதீனுக்குத் தொண்டை கட்டிவிட்டது. இரண்டு வாரம் பார்த்தான். பிறகு அலறிய பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ரயிலேறினான்.

ஊரில் ஜெய்த்தூன் மகளிடம் தினமும் ஒரே கேள்வியைக் கேட்டாள்.

"ஏத்திவிடும்போது அத்தா என்ன சொன்னாக?"

"ஒன்னேகால் மணி நேரந்தான், பயப்படாத, பின்னாலயே வந்துருவேன்னாக."

அடுத்த வருஷம் மார்க்கையன்கோட்டைச் சுருளியாண்டி தேடிவந்தான். கமாலோடு பர்மாவிலிருந்து நடந்து வந்து தப்பியவன். நடந்ததை மறைக்காமல் சொல்லும்படி முகைதீன் அவனை வாசலிலேயே நிறுத்திக் கேட்டுக்கொண்டான். கணவன் இறந்தது உறுதியானால்தான் தங்கை இத்தா என்ற துக்கக் காலம் இருக்க முடியும். நாலு மாதம் பத்து நாள் அழுதாவது தீர்க்கலாம். எந்தத் தேதியிலிருந்து என்று யாராலும் சொல்ல முடியாமல் ஒரு வருஷம் ஓடியிருந்தது.

சுருளியாண்டி தலைகுனிந்து சொன்னான்: "ஒரு காட்டாறு. வெள்ளம் போகுது. கயித்தப் புடிச்சு ஒவ்வொருத்தரா எறங்குனோம். அவுக எனக்குப் பின்னால நின்னாக. அவுகளுக்குக் காய்ச்சலு. நிக்க முடியல. நான் கரையேறிட்டேன். கயிறு அந்துபோச்சு. திரும்பிப் பாக்க எனக்குத் தெம்பு இல்ல."

கதவுக்குப் பின்னாலிருந்து ஜெய்த்தூனின் குரல் வந்தது.

"அவுக நின்ன கரையில ஊரு ஏதும் இருக்காண்ணே?"

சுருளியாண்டி முகைதீனைப் பார்த்தான். அங்கே ஊர் ஏது, வழிநெடுகப் பிணங்கள்தான். முகைதீன் அவனைத் தடுக்கவும் இல்லை, சொல்லச் சொல்லவும் இல்லை.

"இருக்கு ஆத்தா" என்றான் சுருளியாண்டி.

"அப்ப அங்கனதான் இருப்பாக" என்று சொல்லிவிட்டு, வந்தவனுக்குச் சோறு போட அவள் அடுப்படிக்குப் போனாள்.