கன்னிப் பேச்சில் இல்லாதவர்

பார்வையாளர் மாடத்தில் வில்ஃப்ரெட் ஓல்ராய்ட் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு, இருமுவதற்குக்கூட அனுமதி கேட்க வேண்டுமோ என்பதுபோல உட்கார்ந்திருந்தார். எழுபத்தெட்டு வயது. யார்க்‌ஷயரிலிருந்து முதல் ரயிலைப் பிடித்து லண்டன் வந்திருந்தார். கீழே பச்சை பெஞ்சுகளுக்கு நடுவே மகள் ஹெஸ்டர் எழுந்து நின்றாள். ஜெயித்து மூன்று வாரம் ஆகிறது. நாடாளுமன்றத்தில் இன்றுதான் கன்னிப் பேச்சு.

நேற்று போனில் கேட்டிருந்தாள். "அப்பா, உங்களைப் பத்தி என்ன சொல்லட்டும்?"

"ஒண்ணும் வேண்டாம் புள்ள. ஊர்ல பாதிப்பேரு டிவி முன்னாடிதான் உக்காந்திருப்பான். உன் பொழப்புல நீயே ஏன் மண்ணள்ளிப் போட்டுக்கற?"

"சரிப்பா" என்றாள்.

எண்பத்து நாலில் சுரங்கத் தொழிலாளர்கள் ஒரு வருஷம் வேலைநிறுத்தம் செய்தபோது, அதை உடைத்து வேலைக்குப் போனவர்களை ஏற்றிச்சென்ற பஸ்ஸை ஓட்டியவர் வில்ஃப்ரெட். ஜன்னலுக்கெல்லாம் கம்பி வலை அடித்த பஸ். மாட்டேன் என்றிருந்தால் வேலை போயிருக்கும். மனைவி மியூரியல் அப்போது படுத்த படுக்கை. ஊர் அதையெல்லாம் கேட்குமா? சுரங்கத்தில் வேலை பார்த்த மச்சான் சாகிற வரைக்கும் முகம் கொடுத்துப் பேசவில்லை. வகுப்பில் ஐந்து வயது ஹெஸ்டர் பக்கத்தில் ஒரு பிள்ளையும் உட்காரவில்லை. அந்தப் பெண்தான் பதினெட்டு வயதில் நகராட்சி வீட்டுவசதி அலுவலகத்தில் குமாஸ்தாவாகச் சேர்ந்து, இரண்டே வருஷத்தில் சங்கப் பிரதிநிதியாகி, பிறகு கவுன்சிலராகி, வேலை போனவர்களுக்கும் வீடு போனவர்களுக்கும் மல்லுக்கட்டிக்கொண்டு நின்றாள். யாருடைய பாவத்தைக் கழுவுகிறாள் என்று வில்ஃப்ரெட்டுக்குத் தெரியும். ஒருநாளும் அவளிடம் கேட்டதில்லை.

முதல் பேச்சில், தொகுதியில் தனக்கு முன்னால் இருந்தவரைப் புகழ வேண்டும் என்பது அந்த மன்றத்தின் வழக்கம். தோற்கடித்த ஆளாக இருந்தாலும் சரி. ஹெஸ்டரும் புகழ்ந்தாள். இருபது வருஷம் அவளை எதிர்த்த மனிதரின் பொறுமையை, நகைச்சுவையை, அவருடைய நாயைக்கூட. பிறகு அம்மாவைப் பற்றிப் பேசினாள். அடுத்து நான்தானே என்று வில்ஃப்ரெட் தன்னையறியாமல் நிமிர்ந்து உட்கார்ந்தார். வேண்டாம் என்றது அவர்தான். ஆனாலும் பாழாய்ப்போன மனது காத்திருந்தது. ஹெஸ்டர் பள்ளிக்கூடங்களுக்குத் தாவினாள். நன்றி சொல்லி உட்கார்ந்தாள். சொன்ன பேச்சை மகள் கேட்டது அவருக்கு இப்படி வலிக்கும் என்று அவர் நினைக்கவே இல்லை.

பிறகு ஆற்றைப் பார்த்த மாடியில் அவருக்குத் தேநீர் வாங்கித் தந்தாள். அவளுடைய கட்சிக்காரர் ஒருவர், கலகலப்பான மனிதர், நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"பொண்ணு பிச்சு உதறிட்டா சார்! ஆமா, நீங்க என்ன வேலை பாத்தீங்க?"

"பஸ் ஓட்டினேன்."

"அட, எங்கப்பாவும் டிரைவர்தான்! எந்த ரூட்டு?"

வில்ஃப்ரெட் வாயைத் திறந்தார். நாற்பது வருஷமாக இதை யாரும் அவரிடம் இப்படிச் சாதாரணமாகக் கேட்டதில்லை. சொல்லிவிடலாம் போலக்கூட இருந்தது.

"இருபத்தெட்டாம் நம்பர்" என்றாள் ஹெஸ்டர், முந்திக்கொண்டு. "கடற்கரைக்குப் போற பஸ்."

"அடேயப்பா! சின்னப் புள்ளைங்க எல்லாம் மணல் வீடு கட்ட வாளியும் கையுமா ஏறியிருக்குமே!"

ஹெஸ்டர் அப்பாவைப் பார்க்காமல், காலியான கோப்பையைக் கரண்டியால் கலக்கிக்கொண்டிருந்தாள். அவளுடைய காது மடல்கள் சிவந்திருந்தன.

"ஆமா" என்றார் வில்ஃப்ரெட். "இறங்கும்போது பஸ் பூரா மணலா இருக்கும்."

மணலைத் தட்டிவிடுவதுபோல அவர் கை முழங்காலை மெல்லத் தட்டிக்கொண்டே இருந்தது.