எஃப் ஆறும் ஏழாம் நாளும்

அன்று என் வீட்டில் இருந்தவர்கள் நான்கு பேர்: கிஃபாயத்துல்லா ஆகிய நான், என் மனைவி மெஹர்னிசா, கல்லூரியில் கணினி படித்த என் மகள் நௌஷீன், எதிர் வீட்டு ஹேமநாத். வேறு யாரும் இல்லை. நேரில் பார்த்ததாகப் பிற்பாடு சொன்னவர்கள் எதையும் பார்க்கவில்லை.

2007ஆம் ஆண்டு, ஒரு வெள்ளிக்கிழமை. தம்மாமில் வேலை பார்க்கும் என் மகன் மொஹசினுக்கு ஆண் குழந்தை பிறந்து ஏழாம் நாள். எங்கள் குடும்பத்தில் ஏழாம் நாளில் பெயர் வைப்போம். தகப்பன் வழியில் மூத்தவர் குழந்தையின் முகத்தைப் பார்த்துத்தான் வைப்பார். பழவேற்காட்டில் இருந்த காலத்திலிருந்து இது மாறவில்லை. குழந்தை கடல் தாண்டி இருப்பது இதை மாற்றக் காரணமாகாது. கணினியில் கேமரா வைத்து முகம் பார்க்கலாம் என்றாள் நௌஷீன். ஒப்புக்கொண்டேன்.

சிக்கல் இரண்டு. ஒன்று, மருமகளின் தகப்பனார். செவ்வாப்பேட்டையில் இருக்கும் அந்தச் சம்பந்தியிடமும் கணினி உண்டு. ஐந்து மணிக்கு அவர் குழந்தையைப் பார்க்கப்போகிறாராம். "உங்க வாப்பா ஊட்டு கம்ப்யூட்டர் ஓடலன்னா நானே பேர் வெச்சிடறேன்" என்று மொஹசினிடம் சொல்லியிருக்கிறார். இரண்டாவது சிக்கல், எங்கள் கணினி ஓடவில்லை.

பழைய ஹார்டு டிஸ்க் வியாழக்கிழமை கெட்டுப்போனது. புதிதாக ஒன்று வாங்கிப் பொருத்தினோம். விண்டோஸ் சிடியைப் போட்டால், ஹார்டு டிஸ்க்கே இல்லை என்று திரையில் எழுதிக் காட்டியது. பெட்டிக்குள் கையை விட்டுத் தொட்டுப் பார்த்தேன். இருந்தது.

ஹேமநாத் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஓர் இரும்பாலையில் வேலை செய்பவர். லாரிகளை எடை போடும் மேடைக்கான கணினி அவர் பொறுப்பு.

"டிஸ்க்கு புது மாடலு பாய். இந்த சிடிக்கு அத்த அடையாளம் தெரியாது. டிரைவர்னு ஒரு சின்ன புரோகிராம ஃபிளாப்பில போட்டுக் குடுக்கணும். ஆரம்பத்துலயே கீபோர்டுல எஃப் ஆறு தட்னாத்தான் கேக்கும்."

"நம்ம பொட்டியில ஃபிளாப்பி போட எடமே இல்லியே," என்றாள் நௌஷீன்.

ஃபிளாப்பி ஓடும் கருவி ஹேமநாத்துக்குத் தெரிந்து ஒரே இடத்தில்தான் இருந்தது: ஆலையின் எடை மேடைக் கணினியில். சாப்பாட்டு நேரத்தில் அதைக் கழற்றித் துண்டில் சுற்றிக்கொண்டு வந்தார், டிரைவர் ஏற்றிய ஃபிளாப்பியோடு. மேனேஜரிடம் கேட்டுக்கொண்டு எடுத்தாரா என்று நான் விசாரிக்கவில்லை. விசாரித்தால் அவர் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

ஜும்ஆ தொழுகை முடிந்து நான் வந்தபோது எல்லாம் மாட்டித் தயாராக இருந்தது.

"எஃப் ஆறு தட்டச் சொல்ற வரி அஞ்சு செகண்டுதான் நிக்கும் வாப்பா," என்றாள் நௌஷீன்.

"நிக்கட்டும். மொத கை என் கைதான்."

நல்ல காரியத்தில் மூத்தவர் கை முதலில் பட வேண்டும். அல்லாஹ்வின் பெயரால் என்று பிஸ்மி சொல்லித் தொடங்க வேண்டும். திரையில் வரி தெரிந்ததும் தொப்பியைச் சரிசெய்தேன். சட்டைக் கையை மடித்தேன். பிஸ்மியை முழுதாக, நிறுத்தி, உச்சரிப்புப் பிசகாமல் சொன்னேன். விசையை அமுக்கினேன். வரி போய்விட்டிருந்தது. பத்து நிமிடம் கழித்து, ஹார்டு டிஸ்க் இல்லை என்று மறுபடியும் எழுதியது.

"லேட்டு பாய்."

"யாரு லேட்டு? அதுதான் அவசரப்படுது."

இரண்டாம் முறை ஹேமநாத்தின் விரல் விசையை நோக்கி நீண்டது. மணிக்கட்டைப் பிடித்துவிட்டேன். அதற்குள் வரி மறுபடியும் போய்விட்டது.

"யார் தட்னா இன்னா பாய்? உள்ள போவப்போறது அதே டிரைவருதானே?"

"என் பேரனுக்குப் பேரு வெக்கிற காரியத்த எதிர் ஊட்டுக்காரர் ஆரம்பிச்சு வெச்சார்னு செவ்வாப்பேட்டையில பேசுவாங்க."

அந்த நேரம் பார்த்து ஹேமநாத்தின் செல்போன் அடித்தது. ஃபிளாப்பிக் கருவியைக் காணாமல் எடை மேடைக் கணினி பாதியில் நின்று, எஃப் ஒன்றை அமுக்கச் சொல்கிறதாம். அமுக்க யாருக்கும் தைரியம் வரவில்லை.

"அமுக்குங்க சார். ஆமா, எஃப் ஒண்ணு. ஒண்ணும் வெடிக்காது சார், நீங்களே அமுக்கலாம்!"

இதனால் நாற்பது லாரிகள் நெடுஞ்சாலை வரை நின்றதாகப் பஜாரில் பேசினார்கள். நின்றவை நான்கு. அதில் ஒன்று டீக்கு நின்றது.

மணி மூன்றரை. மெஹர்னிசா கரண்டியோடு அறை வாசலுக்கு வந்தாள்.

"இன்னாங்க, சோறாக்கறதுக்கு பிஸ்மி எப்ப சொல்றோம்? அடுப்ப பத்தவெக்கறப்பவா, பொங்கி வழியறப்பவா? பொட்டிய ஆன் பண்றதுக்கு முன்னாடியே சொல்லிட்டு ஒக்காருங்களேன்."

நானும் அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். அவள் முந்திக்கொண்டாள்.

தொப்பி, சட்டைக் கை, பிஸ்மி எல்லாம் முதலில் முடிந்தன. பிறகு நானே பெட்டியை ஆன் செய்து, விரலை எஃப் ஆறின் மேல் வைத்துக் காத்திருந்தேன். வரி வந்தது. அமுக்கினேன். உறுதிக்காக இன்னும் பதினோரு முறை அமுக்கினேன். சற்றுப் பொறுத்து ஃபிளாப்பி கேட்டது. கொடுத்தோம். கரகரவென்று சத்தம் போட்டுப் படித்தது. திரையில் ஹார்டு டிஸ்க் அளவோடு வந்து நின்றது.

"கண்டுக்கிச்சு பாய்!" என்று கத்தினார் ஹேமநாத்.

மற்ற வேலைகளை நௌஷீன் முடித்தாள். நான்கு ஐம்பதுக்குத் திரையில் மொஹசின் தெரிந்தான். அவன் கையில் குழந்தை. படம் விட்டுவிட்டுத்தான் வந்தது. ஆனாலும் மூக்கு எங்கள் குடும்பத்து மூக்கு. யாசர் என்று மூன்று முறை சொன்னேன். மெஹர்னிசா கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஹேமநாத் கருவியைக் கழற்றிக்கொண்டு ஆலைக்கு ஓடினார், துண்டை மறந்துவிட்டு.

பெயரைத் தாமே வைத்ததாகச் சம்பந்தி செவ்வாப்பேட்டையில் சொல்லி வருகிறார். அது உண்மையல்ல. ஐந்து மணிக்கு அவர் திரையில் குழந்தை தெரிந்தபோது அதன் பெயர் பத்து நிமிடமாக யாசர்.